கண்ணாடிக்கூட்டைக் கண்டு உயர்ந்த கைகள்

கல்விப் பணிமனையிலிருந்து இளைய ஆலோசகர் ஒருத்தி குரல்செய்தி அனுப்பியிருந்தாள். ஆரம்பக்கல்விப் பிரிவு மின்னிதழ் ஒன்று வெளியிடப் போகிறதாம். ஓய்வுபெற்றவர்கள் தங்கள் சேவைக்கால அனுபவங்களை எழுதித் தரவேண்டுமாம்.

"டீச்சர், சந்தோசமான விசயங்களா எழுதுங்கோ. நீட்ட வேண்டாம். எல்லாரும் போனிலைதான் வாசிப்பினம். ஒரு நிமிசத்துக்கு மேலை ஒருத்தரும் நிண்டு வாசிக்கமாட்டினம்."

நல்ல பிள்ளை, உள்ளதைச் சொல்லிவிட்டாள். நானும் உள்ளதைச் சொல்கிறேன். ஒரு நிமிடத்தில் வாசித்து முடிக்கிற அனுபவம் எதுவும் என்னிடம் இல்லை. சந்தோசமானதும் குறைவு. அவர்கள் போடாவிட்டால் போகட்டும், எழுதாமல் என்னால் இருக்க முடியாது.

நான் புத்தூர்க்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, நாடெல்லாம் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஆசிரியையானேன். கிடுகுக் கொட்டில், மரநிழல், தேவாலய விறாந்தை என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் முதலாம் ஆண்டுக்குப் படிப்பித்தேன். இடையில் ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன், பட்டம் எடுத்தேன், பரீட்சை எழுதி ஆசிரிய ஆலோசகராக வந்தேன். பள்ளிக்கூடங்களுக்குப் போய், வகுப்பில் இருந்து பாடம் நடப்பதைப் பார்த்து, அதன்பிறகு அந்த ஆசிரியரோடு கதைப்பதுதான் ஆலோசகரின் வேலை. கேட்கச் சுகமாக இருக்கும். அந்த வேலையை எனக்குப் பழக்கியவர் அப்போது எங்கள் பிரிவுக்குப் பணிப்பாளராக இருந்த அருளம்பலம் சேர்.

மெலிந்த மனிதர். பழைய மோட்டார் சைக்கிளில் திரிவார். அவர் சிரித்து நான் கண்டது குறைவு. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அதிபர் ஓடிவந்து கைவைத்த கதிரை கொண்டுவந்து போடுவார். சேர் அதில் இருக்கவே மாட்டார். வகுப்பாசிரியையிடம் "வரலாமோ?" என்று கேட்பார். அவர் தலையசைத்த பிறகுதான் உள்ளே போவார். சுவரோரமாக, ஒருவரும் கவனிக்காத மூலையில் இருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் குட்டிக் கதிரையொன்றில், முழங்கால் நாடியில் முட்டக் குந்திக்கொள்வார். பேனை எடுக்கமாட்டார், தாளும் எடுக்கமாட்டார். "எழுதத் தொடங்கினால் பேந்து உமக்குத் தாள்தான் தெரியும்" என்பார். முதல்நாள் நான் ஆசிரியையையே பார்த்துக்கொண்டிருந்ததற்கு வெளியே வந்ததும் ஏச்சு விழுந்தது.

"டீச்சரைப் பாக்கிறதுக்கு நாங்கள் என்ன, பொம்பிளை பாக்கவோ வந்தனாங்கள்? பிள்ளையளைப் பாரும். எந்தப் பிள்ளை, எந்த இடத்திலை கழண்டது?"

எனக்கு விளங்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் கவனமாகத்தான் இருந்தார்கள் என்றேன்.

"மஞ்சள் ரிபன் கட்டின பிள்ளை, டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பேக்கை கழண்டிட்டுது. பாடம் முடியுமட்டும் திரும்பி வரேல்லை. நீர் எங்கை பாத்துக்கொண்டிருந்தனீர்?"

அன்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கேள்வியைத்தான் கடைசிவரை காவித் திரிந்தேன். எந்தப் பாடத்திலும் ஏதோ ஓர் இடத்தில் ஒரு பிள்ளை கழன்று போகும். உடல் கதிரையில் இருக்கும், ஆள் இருக்காது. அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஆசிரியையோடு மரத்தடியில் இருந்து, தேத்தண்ணி குடித்தபடி, குற்றம் சொல்லாமல், அந்தப் பிள்ளையைப் பற்றிக் கதைக்க வேண்டும். அதன்பிறகுதான் அறிக்கை. இதற்கு ஆள் நேரே போகவேண்டும். நேரம் வேண்டும். முழங்கால் நோவையும் தாங்கவேண்டும்.

கொரோனாக் காலத்தை நான் குறை சொல்லமாட்டேன். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது, வேறு வழி இருக்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். வேலைக்குப் போன தகப்பன் திரும்பி வந்த பிறகுதான் பாடம் திறக்கும். ஆசிரியர்கள் தங்கள் டேட்டாவைச் செலவழித்துப் படிப்பித்தார்கள். அது ஒரு கெட்டகாலம், கடந்து போனோம். என் ஆத்திரம் அதற்குப் பிறகு நடந்தவற்றின் மேல்தான். பள்ளிக்கூடம் திறந்தது, பிள்ளைகள் வந்தார்கள், போன் மட்டும் திரும்பிப் போகவில்லை.

அந்த நேரம் ரமணன் சேர் எங்களுக்குப் பணிப்பாளராக வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். காசு தொடாத மனிதர். ஞாயிறும் வேலை செய்வார். ஆனால் அவரிடம் இரண்டு போன் இருந்தது. நாம் முன்னால் போய் நின்று கதைத்தால் ஒன்றைப் பார்த்துக்கொண்டு மற்றதில் எழுதுவார். நாம் நிறுத்தினால், "சொல்லுங்கோ டீச்சர், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்பார். முழுக் கல்வி வலயத்தையும் உள்ளங்கையில் வைத்திருப்பதாக அவருக்கு உண்மையாகவே ஒரு நம்பிக்கை.

பள்ளிக்கூடங்களுக்கு நேரில் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் நாளுக்கொரு படம் வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டும். பிறகு ஒரு லிங்க் வந்தது, படத்தை அதிலும் ஏற்றவேண்டும். படத்தில் பிள்ளைகள் உற்சாகமாகத் தெரியவேண்டும். வெறும் வகுப்பறைப் படம் செல்லாது. எங்கள் வேலை வீட்டிலோ பணிமனையிலோ இருந்து அந்தப் படங்களைப் பார்த்துப் புள்ளி போடுவது. நாள் முழுவதும் படம் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே கைகூப்பும் படம், பெருவிரல் படம், "வாழ்த்துகள் டீச்சர்". நான் கழன்ற பிள்ளையைத் தேடுவேன். படத்தில் ஒரு பிள்ளையும் கழன்றிருக்காது. எல்லாரும் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூட நேரத்திலேயே சூமில் ஒரு பயிற்சி வைத்தார்கள். தலைப்பு, 'மாணவர் கவனத்தை வகுப்பறையில் தக்கவைத்தல்'. வகுப்பிலிருந்தபடியே எல்லா ஆசிரியர்களும் இணையவேண்டும் என்று கட்டளை. வளவாளராக வந்தவர் நன்றாகத்தான் பேசினார். இடையில் ஒரு டீச்சரின் கமரா தவறுதலாகத் திறந்துவிட்டது. காதில் வயரோடு அவர் குனிந்திருந்தார். பின்னால் இரண்டு பிள்ளைகள் மேசைமேல் ஏறி நின்றார்கள், ஒரு பிள்ளை கதவடியில் அழுதுகொண்டு நின்றது. டீச்சர் எழுதிக்கொண்டிருந்தது திரையின் ஓரத்தில் வந்து விழுந்தது: "மிகவும் பயனுள்ள அமர்வு சேர்." நான் மடிக்கணினியை மூடிவிட்டு வெளியே வந்து, தண்ணீர் குடித்தேன். சிரிக்கவும் முடியவில்லை.

இதற்கிடையில் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். அதை நான் கண்டுபிடித்ததே என் மூக்குக்கண்ணாடியால்தான். அனுமதி கேட்டு அடம்பிடித்து ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஒரு பிள்ளையின் கொப்பியைப் பார்க்க, கைப்பையிலிருந்து கண்ணாடிக்கூட்டை எடுத்தேன். கறுப்பு நிறம், சப்பையான நீள்சதுரம். எடுத்ததுதான் தாமதம், வகுப்பு முழுவதும் வலது கையை மேலே தூக்கியது. எல்லார் முகத்திலும் பல் தெரிந்தது. பயந்துபோனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை, பதில் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கைகள் எல்லாம் மேலே. பிறகுதான் விளங்கிற்று. கூட்டைப் போன் என்றும், நான் படம் எடுக்கப் போகிறேன் என்றும் நினைத்துவிட்டார்கள். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டதும் கைகள் இறங்கின, சிரிப்பும் இறங்கியது. அடுத்தடுத்த பள்ளிக்கூடங்களில் வேண்டுமென்றே கூட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கும் இதே கதைதான்.

இனி கௌசலாவின் கதைக்கு வருகிறேன். இதைத்தான் நான் எழுத உட்கார்ந்தது.

கௌசலா அச்சுவேலிக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு டீச்சர். அவளிடமிருந்து படம் வருவதே இல்லை. லிங்க்கில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு. ரமணன் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"உந்த டீச்சர் வேலை செய்யிறா எண்டதுக்கு ஒரு ஆதாரமும் இல்லை. ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கோ. பாத்துப் புள்ளி போடுவம். இல்லாட்டி வருச முடிவிலை இடமாற்றத்துக்குப் போடவேண்டி வரும்."

"நான் நேரை போய்ப் பாக்கிறன் சேர்."

"ஏன் டீச்சர் வீணா அலையிறியள்?" என்றார், போனைப் பார்த்தபடி.

அச்சுவேலிவரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்துப் போனேன். கௌசலாவிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போய், சுவரோரமாக இருந்த ஒரு பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினேன். பிள்ளையின் பெயர் மதுரா. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைய பாடம் சந்தை. மூடிக் கட்டிய ஒரு கூடைக்குள் காய்கறிகள். பிள்ளை கையை விட்டு, பார்க்காமல் தொட்டுப் பார்த்து, என்ன என்று சொல்லவேண்டும். பிள்ளைகள் கத்திச் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். மதுராவின் முறை வந்தது. கௌசலா கூடையை அவளுக்கு முன்னால் வைத்துவிட்டு நிலத்தில் இருந்தாள். "சொல்லு" என்று சொல்லவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே விடவும் இல்லை. சும்மா இருந்தாள். நான் ஆச்சரியப்பட்டது மற்றப் பிள்ளைகளைப் பார்த்துத்தான். ஆறு வயதுப் பிள்ளைகள், ஒருவரும் குறுக்கே கத்தவில்லை. எல்லாரும் மதுராவுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கே பொறுக்க முடியாத அளவு நேரம் போனது. மதுரா மெல்லக் கையை விட்டாள். தடவினாள். பிறகு கௌசலாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பாவக்காய்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அம்மா பொரிக்கிறவ" என்றாள்.

"அப்பிடியோ?" என்றாள் கௌசலா. அவ்வளவுதான். கைதட்டல் இல்லை, ஆரவாரம் இல்லை. கூடை அடுத்த பிள்ளைக்குப் போனது. அந்தப் பாடத்தில் கழன்ற பிள்ளை ஒன்றையும் நான் காணவில்லை. என் சேவைக்காலத்தில் அப்படியொரு பாடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கொப்பி பார்க்கக் கண்ணாடிக்கூட்டை எடுத்தேன். ஒரு கையும் உயரவில்லை. "உதுக்குள்ளை என்ன இருக்கு டீச்சர்?" என்று ஒரு பெடியன் கேட்டான்.

பாடம் முடிந்து நெல்லிமரத்தடியில் இருந்து கதைத்தோம். மதுராவின் தகப்பன் வளைகுடா நாடொன்றில். தாய் அச்சுவேலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். அவர்களும் அன்றாடம் உழைக்கிற சனங்கள்தான், அழுகிற குழந்தையின் கையில் போனைக் கொடுத்து இருத்திவிடுவார்கள். பள்ளிக்கூடம் வந்தபோது மதுராவுக்கு நிறங்களின் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் தெரிந்திருந்தது. காணொளிகளின் முடிவில் சொல்வதுபோல, "மறக்காமல் சப்ஸ்கிரைப் பண்ணுங்கோ" என்று ராகமாகச் சொல்வாளாம். ஆனால் தண்ணீர் விடாய்க்குது என்று சொல்லத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பத் தெரியாது. ஒருவரின் முகத்தையும் பார்க்கமாட்டாள்.

"முதல் தவணையிலை ஒருநாள் என்ரை பையுக்குள்ளை போன் அடிச்சிட்டுது டீச்சர். அண்டைக்கு முழுக்க அந்தப் பையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கத்தினவள். அதுவரைக்கும் செய்தது எல்லாம் வீணாப் போச்சுது. அதுக்குப் பிறகு நான் போனை அதிபரின்ரை அறையிலை வைச்சிட்டுத்தான் வகுப்புக்கு வாறனான்."

"அவள் வராத நாளிலை ஒரு படம் எடுத்துப் போடலாமே?"

"லிங்க் ஒவ்வொரு நாளும் கேக்குது. அவள் ஒருநாளும் வராமல் நிக்கிறேல்லையே டீச்சர்" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள், "இப்ப கேட்டால் சொல்லுறாள். ஆனா இன்னும் கை உயர்த்துறேல்லை. தனக்குத் தெரியும், தான் சொல்லவேணும் எண்டு ஒருநாள் தானா கை உயர்த்துவாள். அதுவரைக்கும் என்னை இங்கை விட்டால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

அடுத்த நாள் பணிமனையில் ரமணன் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூடையை, பாவற்காயை, காத்திருந்த பிள்ளைகளை. அவர் உண்மையாகவே கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு போனைக் கவிழ்த்தும் வைத்தார்.

"நீங்கள் சொல்லுறது சரி டீச்சர். ஆனா உதை நான் எங்கை ஏத்துறது? ஆதாரம் இணைக்காமல் லிங்க் ஏற்காது. நீங்கள் போனனீங்கள்தானே, நீங்களாவது ஒரு படம் எடுத்திருக்கலாமே?"

"நான் என்ரை கண்ணாலை பாத்தனான் சேர். என்ரை கண் ஆதாரம் இல்லையோ?"

"கண்ணை அப்லோட் பண்ணேலாதே டீச்சர்."

பகிடியாகத்தான் சொன்னார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இத்தனை வருடம் முழங்கால் தேயக் குந்தியிருந்து பார்த்த கண் அது. கையாலேயே அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மேலே இருப்பவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பதில் வந்தது: அறிக்கையை உரிய லிங்க்கினூடாகச் சமர்ப்பிக்கவும்.

வருட முடிவில் கௌசலாவைத் தீவுப் பக்கம் மாற்றினார்கள். ஒரு வகுப்பை முதலாம் ஆண்டில் எடுத்தவர் இரண்டாம் ஆண்டுக்கும் கூட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தையும் பார்க்கவில்லை. மதுராவின் தாய் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பணிமனைக்கு வந்தாள். ரமணன் சேர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சூமில் இருந்தார். கையால் 'கொஞ்சம் பொறுங்கோ' என்று காட்டினார். அவள் பொறுத்தாள். பிறகு நேரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இனி நிக்கேலாது டீச்சர், வேலைக்குப் போகோணும். நீங்கள் சொல்லிவிடுங்கோ. என்ரை பிள்ளை என்னை அம்மா எண்டு கூப்பிட்டது உந்த டீச்சராலை."

சொன்னேன். "சொல்லுங்கோ டீச்சர், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார்.

புதிதாக வந்த டீச்சர் இளம்பிள்ளை. கெட்டிக்காரி, சொன்னதைச் செய்வாள். வந்த கிழமையே அந்தப் பள்ளிக்கூடத்தின் சிவப்பு பச்சையானது. நாள்தோறும் படம் வந்தது. குழுவில் ரமணன் சேர், "பாருங்கள், மனம் வைத்தால் முடியும்" என்று எழுதினார். கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எழுபது பேர் வேலை செய்கிற இடத்தில் ஒருவருக்குக்கூடக் கௌசலாவின் பெயர் ஞாபகம் வரவில்லை. நான் குழுவிலிருந்து விலகினேன். அதன்பிறகு சில மாதங்களில் எனக்கு ஓய்வு வந்தது.

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் அச்சுவேலிச் சந்தைக்குப் போனவள், மனம் கேளாமல் ஓட்டோ பிடித்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதிபர் மரியாதையாக வரவேற்றார். புது டீச்சரிடம் கேட்டுக்கொண்டு மதுராவுக்குப் பக்கத்தில் குந்தினேன். வளர்ந்திருந்தாள். தலை அழகாக இழுத்துப் பின்னியிருந்தது. "மதுரா" என்றேன். திரும்பவில்லை. மேசையின் மரத்தை விரலால் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டிருந்தாள், போனில் படங்களைத் தள்ளுவதுபோல. திரும்பத் திரும்ப அதையே செய்தாள். டீச்சர் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தாள். பிழை சொல்ல முடியாது, ஒழுங்காகத்தான் நடத்தினாள்.

கொப்பியில் ஏதாவது கீறியிருக்கிறாளா என்று பார்க்க நினைத்தேன். வயதுபோன பழக்கம், யோசிக்காமல் கைப்பைக்குள் கைவிட்டுக் கண்ணாடிக்கூட்டை எடுத்துவிட்டேன்.

வகுப்பு முழுவதும் கை உயர்ந்தது. எனக்குப் பக்கத்தில் மதுராவின் கையும் உயர்ந்தது. மற்ற எல்லோருடைய கையையும்விட நேராக, நன்றாக உயர்ந்தது. உதட்டை இழுத்துச் சிரித்தாள். கண் என் முகத்தில் இல்லை, கூட்டில் இருந்தது. நான் கூட்டைக் கீழே இறக்கினேன், மற்றப் பிள்ளைகள் கையை இறக்கினார்கள். அவள் இறக்கவில்லை. படம் எடுத்து முடியட்டும் என்று கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் கௌசலா அழைத்தாள். நான் போனதை அதிபர் சொல்லியிருக்கிறார். அவள் இறங்குதுறையில் படகுக்கு நின்றிருக்க வேண்டும், காற்று இரைந்தது.

"மதுரா எப்பிடி இருக்கிறாள் டீச்சர்?"

"வளந்திட்டாள்."

"கதைக்கிறாளோ?"

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கை உயர்த்துறாள்."

காற்றை மீறி அவள் குரல் உயர்ந்தது.

"உண்மையாவோ டீச்சர்? தானாவோ? ஒருத்தரும் சொல்லாமலோ?"

"ஓம்" என்றேன். "ஒருத்தரும் சொல்லேல்லை. தானாத்தான்."

அவள் அழத் தொடங்கினாள். சந்தோசத்தில் அழுகிறாள் என்று விளங்கியது. படகு வந்துவிட்டது என்று அவள் சொல்லும்வரை நான் போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன்.